மல்லரை வென்ற மங்கை

பெண்ணுக்கு உடல் வலிமை வேண்டுமா என்று எவரேனும் கேட்டால், யாழ்ப்பாணத்துச் சமையலறை தயங்காமல் விடை கூறும். பெண்பிள்ளை பெரியவளானதும் வீட்டில் நடப்பவற்றை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் வெறுவயிற்றிற் பச்சை முட்டை, அதன்மேல் நல்லெண்ணெய், பின்னர் உழுத்தங்களி. பிள்ளை முகத்தைச் சுளித்தாலும் பேத்தியார் விடமாட்டார். "இடுப்பு எலும்பு உரப்படவேணும், கண்ணை மூடிக்கொண்டு குடி பிள்ளை" என்பார்.

ஆகவே, பெண் வலிமை உடையவளாய் இருத்தல் வேண்டும் என்பதில் எமது முன்னோருக்கு ஐயம் இருந்ததில்லை. அவ்வலிமை எதற்காக என்பதிலேதான் வரம்பு வகுத்திருந்தனர். பிள்ளைப்பேற்றுக்கு வேண்டும், அம்மிக்கும் உரலுக்கும் வேண்டும், தோட்டத்துக்கு வேண்டும். சுன்னாகத்துச் செம்மண்ணிலே வெங்காயம் நட்டு, புகையிலைக்குத் தண்ணீர் மாறி, கடகம் நிறையச் சுமையேற்றிச் சந்தைக்கு நடந்த பெண்களின் தோள்வலியை ஒருவரும் குறை கூறியதில்லை. அதே தோளைப் பலர் காண ஒரு மைதானத்திலே, வெற்றி தோல்விக்காகப் பயன்படுத்துவேன் என்று ஒருத்தி சொல்லும்போதுதான் வீடு கலங்குகிறது.

எமது வீடும் அண்மையிற் கலங்கியது. 16 வயதான எமது பேர்த்தி, மகளின் மகள், மல்யுத்தம் பழகப் போவதாகச் சொன்னாள். அவள் படிக்கும் பாடசாலையில் ஆசிரியை ஒருவர் சில மாணவிகளைச் சேர்த்துப் பழக்குகிறார். மகள் முதலிற் சிரித்தாள், பின்னர் அழுதாள். மருமகன் பத்திரிகையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். கனடாவிலிருந்து பிள்ளையின் மாமி தொலைபேசியில் அழைத்து, "குமர்ப்பிள்ளை கையைக் காலை முறிச்சுக்கொண்டு நிண்டால் நாளைக்கு ஆர் முடிப்பினம்?" என்று கேட்டார். வீட்டில் மூத்தவர் என்ற முறையில் எல்லாரும் எமது வாயைப் பார்த்தனர். எமக்கு நினைவில் எழுந்தவர் ஹமீதா பானு அம்மையார். அவருடைய கதையை அன்று வீட்டாருக்குக் கூறினோம். அதையே இங்கு நேயர்களுக்கும் கூறுகின்றோம்.

ஹமீதா பானு வட இந்தியாவில், உத்தரப் பிரதேசத்தவர். மிர்சாப்பூர் அவரது ஊர் என்றும், அங்கே ஒரு பெண்ணுடன் மல்லுக்கு நிற்க ஆண்கள் மறுத்தமையால் அலிகார் நகருக்குச் சென்று சலாம் பயில்வான் என்பாரிடம் வித்தை பயின்றார் என்றும் கூறுவர். இந்தியாவின் முதற் பெண் மல்லர் என்று இன்று போற்றப்படும் அவர், 1940களிலும் 1950களின் முற்பகுதியிலும் புகழின் உச்சியில் இருந்தார். அக்காலத்திற் பெண்களுக்கெனத் தனி மல்யுத்தம் இருக்கவில்லை. ஆதலால் ஆண்களோடுதான் அவர் பொருத வேண்டியிருந்தது.

மற்போர் தமிழருக்குப் புதியதன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனை வென்ற செய்தியைப் புறநானூறு கூறுகிறது. அவன்மீது காதல் கொண்டு பாடிய நக்கண்ணையார் ஒரு பெண். மற்போரைக் கண்டு மகிழ்ந்த பெண்ணை இவ்வாறு சங்ககாலமே எமக்குக் காட்டுகிறது. கோதாவுக்குள் இறங்கித் தானே மல்லனைச் சாய்த்த பெண்ணை ஹமீதா பானுவிடம் காண்கிறோம்.

பத்திரிகைகள் அவருக்கு 'அலிகாரின் அமேசன்' என்று பட்டம் சூட்டின. அமேசன் என்போர் கிரேக்கப் பழங்கதையில் வரும் வீரப் பெண்கள். எமக்கு அத்துணைத் தூரம் போகவேண்டியதில்லை. எமது இசைநாடக மேடைகளில் உலவிய அல்லி அரசாணி இருக்கிறாள். மதுரையை ஆண்ட அல்லியைப் போர்முகத்தில் வெல்ல அருச்சுனனால் இயலவில்லை. பாம்பு வடிவெடுத்து அவள் பள்ளியறைக்குள் நுழைந்து, உறங்குகையிலே தாலி கட்டினான் என்பது கதை. வெளியில் வெல்லமுடியாதவளை வீட்டுக்குள் வென்ற அந்தக் கதையை நேயர்கள் சற்று மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

ஹமீதாவின் உயரம் 5 அடி 3 அங்குலம். நிறை 108 கிலோகிராம். சுன்னாகம் சந்தையின் பழைய கணக்கிற் சொன்னால் இரண்டு அந்தருக்குச் சற்று மேல். நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் உறங்கி ஆறு மணி நேரம் பயிற்சி செய்வார் என்று எழுதினர். அவருடைய உணவுப் பட்டியலோ செய்தியாகவே வெளிவந்தது: பால் 5.6 இலீற்றர், சூப்பு 2.8 இலீற்றர், பழரசம் 1.8 இலீற்றர், ஒரு கோழி, ஏறக்குறைய ஒரு கிலோ ஆட்டிறைச்சி, வெண்ணெய் அரைக் கிலோ, ஆறு முட்டை, பெரிய பாண் இரண்டு, பிரியாணி இரண்டு தட்டு, இவற்றுடன் பாதாம் பருப்பு. இப்பட்டியலைக் கேட்ட மருமகன் பத்திரிகையைத் தாழ்த்தி, "இவளுக்கும் இவ்வளவும் வாங்க வேணுமோ?" என்றார். அன்று வீட்டில் எழுந்த முதற் சிரிப்பு அது.

சிரிப்புக்கிடையே ஒன்றைக் கவனித்தோம். ஆண் பயில்வான்கள் உண்ணாமலா கோதாவில் இறங்கினர்? எனினும் அம்மையாரின் பிடிகளைப் பற்றியும் காலடி வைப்பைப் பற்றியும் எழுதியதிலும் அவர் தட்டைப் பற்றி எழுதியதே மிகுதி. ஒரு பெண் வித்தையில் வல்லவளாய் விளங்கினால், உலகம் வித்தையை விட்டு அவள் உடலைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

1954ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அவர் விடுத்ததாக வெளிவந்த சவாலே அவரை நாடறியச் செய்தது. மல்யுத்தத்தில் தம்மை வெல்பவரைத் தாம் மணம் செய்வதாக அறிவித்தார். பட்டியாலாவைச் சேர்ந்த வீரர் ஒருவரும் கல்கத்தாவைச் சேர்ந்த வீரர் ஒருவரும் வந்து தோற்றனர். மே மாதத்தில் பரோடா நகரம் சென்றார். அங்கே அவரோடு பொருதவிருந்த மல்லர், பெண்ணுடன் மோதமாட்டேன் என்று கடைசி வேளையில் விலகிக்கொள்ள, பாபா பயில்வான் என்பவர் இறங்கினார். போட்டி முடிய 1 நிமிடமும் 34 விநாடியுமே சென்றன. நாம் ஒரு கோப்பைத் தேநீரை ஆற்றி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். அவ்வாண்டளவில் 320 போட்டிகளில் வென்றிருப்பதாக அம்மையார் கூறியிருந்தார்.

முல்லைக்கலியில் ஆயர் குடியினர் ஏற்றை அடக்கியவனுக்கே பெண் கொடுத்தனர். அங்கே இளைஞன் மோதியது காளையோடு. பெண் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹமீதாவின் சவாலில் மோதவேண்டியது பெண்ணோடுதான். இச்சவாலைச் சிலர் காதற் கதையாகக் கொள்வர். எமக்கு அதில் ஒரு தொழிற் கணக்கும் தெரிகிறது. ஒரு பெண் மல்லருக்குச் சீட்டு விற்கவேண்டும். எதிரே நிற்க ஆண்கள் வரவேண்டும். 'மல்யுத்தம் காண வாரீர்' என்றால் வராத கூட்டம், 'மணமகன் யார்' என்றால் வரும். கலியாணப் பேச்சுக்கு இருக்கும் கவர்ச்சி அலிகாரிலும் சுன்னாகத்திலும் ஒன்றுதான்.

வெற்றிகளெல்லாம் மாலையோடு முடியவில்லை. 1944ஆம் ஆண்டு பம்பாயில் அவருக்கும் கூங்கா பயில்வானுக்கும் போட்டி என்று விளம்பரமாயிற்று. 20,000 பேர் வரையிற் கூடினர். கூங்கா பயில்வான் கூடுதற் பணமும் கால அவகாசமும் கேட்டமையாற் போட்டி நடைபெறவில்லை. ஆத்திரமுற்ற கூட்டம் அரங்கையே சேதப்படுத்தியது. கோலாப்பூரில் ஷோபா சிங் பஞ்சாபி என்பாரை அவர் வென்றபோது சனங்கள் கூச்சலிட்டுக் கல்லெறிந்தனர்; பொலிசார் வந்து அடக்க வேண்டியதாயிற்று. பூனாவில் ராமச்சந்திர சாலுங்கே என்பாருடன் நடக்கவிருந்த போட்டியை அங்குள்ள மல்யுத்தச் சங்கம் எதிர்த்தமையாற் கைவிட்டனர். அம்மையார் அக்காலத்துப் பம்பாய் மாகாண முதலமைச்சர் மொறார்ஜி தேசாயிடம் முறையிட்டார். பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, போட்டி நடத்துவோர் பொம்மை வீரர்களை இறக்குவதாக முறைப்பாடு வந்தமையாலேயே தடுத்ததாக அவர் விடையளித்தார்.

முன்கூட்டியே முடிவு பேசிவைத்த போட்டிகள் அக்காலக் காட்சி மல்யுத்தத்தில் ஆண்களுக்கிடையிலும் இருந்தன. ஆகவே ஐயம் எழுந்தது வியப்பன்று. ஆயினும் அம்மையாரின் இக்கட்டை எண்ணிப் பாருங்கள். அவர் வென்றால் வேடம் என்பர். தோற்றிருந்தாற் பெண்தானே என்றிருப்பர். எதிரே நிற்க மறுத்தவனுக்கு மானத்தைக் காத்தவன் என்ற பெயர். நின்று தோற்றவனுக்கு விட்டுக்கொடுத்தவன் என்ற பெயர். எந்தக் கணக்கிலும் அவர் திறமைக்கு இடம் வைக்கப்படவில்லை. அப்படியிருந்தும் பத்தாண்டுக்கு மேலாக அவர் கோதாவில் இறங்கிக்கொண்டேயிருந்தார். உருது மொழியின் பெரும் எழுத்தாளர் குர்ரத்துல்ஐன் ஹைதர் தம் கதையொன்றில் அவரைக் குறிப்பிட்டிருக்கிறார்.

அதே 1954இல் பம்பாயில், ருசியாவின் 'பெண் கரடி' என்று பெயர் பெற்ற வேரா சிஸ்ரிலின் என்பாரை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். இனி ஐரோப்பா சென்று அங்குள்ள மல்லரோடு பொருதுவேன் என்று அறிவித்தார். அதன் பின்னர் மல்யுத்தச் செய்திகளில் அவர் பெயர் மறைந்துபோயிற்று.

என்ன நடந்தது? அவருடைய பேரனும் அயலவரும் பின்னாளிற் பி.பி.சி. செய்தியாளரிடம் கூறியது இது. ஐரோப்பா செல்லும் எண்ணம் சலாம் பயில்வானுக்குப் பிடிக்கவில்லை. அதைத் தடுக்க அவர் அம்மையாரை அடித்தார். கை முறிந்தது என்று பேரன் கூறினார். கால் முறிந்தது என்றும், ஆறிய பின்னரும் பல்லாண்டு ஊன்றுகோல் இன்றி நடக்க இயலவில்லை என்றும் அயலவர் கூறினார். சலாம் பயில்வான் அவரை மணந்திருந்தார் என்று ஒரு சாரார் கூற, இல்லை என்று பேரன் மறுத்தார். எவ்வாறாயினும், வித்தை கற்பித்த கையே எலும்பை முறித்தது என்பது அவர்கள் சொன்ன செய்தி.

பின்னர் அம்மையார் பம்பாய்க்கு அருகேயுள்ள கல்யாண் என்னும் ஊரிலே வாழ்ந்தார். மாடு வளர்த்துப் பால் விற்றார். சில கட்டடங்களை வாடகைக்கு விட்டார். கையிற் பணம் வற்றியபோது வீட்டிற் செய்த பலகாரங்களைத் தெருவோரத்தில் விற்றார். 1986இற் காலமானார். பரோடா வெற்றியின் 70ஆம் ஆண்டு நிறைவில், 2024ஆம் ஆண்டு மே 4ஆந் திகதி, கூகிள் நிறுவனம் தன் முகப்பில் அவருடைய சித்திரத்தை இட்டது. அன்றுதான் பலர் அவர் பெயரை முதன்முதலாகக் கேட்டனர்.

கதை முடிந்ததும் வீட்டில் ஒருவரும் பேசவில்லை. பேர்த்திதான் பேசினாள். "அம்மம்மா, முந்நூற்றி இருபது ஆம்பிளையளோட மல்லுக்கு நிண்டும் முறியாத கை வீட்டிலதானே முறிஞ்சது?" என்று கேட்டாள். அந்த 320 பேரும் ஆண்களா என்று நாம் திருத்தப் போகவில்லை. அவள் கேட்டதன் பொருள் சரியாகவே இருந்தது. மகள் எழுந்து சமையலறைக்குட் சென்றுவிட்டாள்.

பெண் பிள்ளை மைதானத்துக்குப் போனால் அடிபடுவாளே என்று அஞ்சுகிறோம். அந்த அச்சம் நியாயமானது. தாய்க்கு அது இல்லாவிடிற் பிள்ளை வளராது. ஆனால் மைதானத்தில் நடுவர் ஒருவர் நிற்கிறார், விதி இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார், பலருடைய கண்கள் இருக்கின்றன. நான்கு சுவருக்குள் இவற்றில் ஒன்றும் இல்லை. அல்லிக்கும் ஹமீதாவுக்கும் ஆபத்து வந்த இடம் ஒன்றே.

இன்றைய மல்யுத்தமும் அன்றைய குஸ்தி அன்று. 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலிருந்து பெண்களுக்கு மல்யுத்தம் உண்டு. பெண் பெண்ணோடுதான் பொருதுவாள். அதுவும் தன் நிறையை ஒத்தவளோடு. 50, 53, 57, 62, 68, 76 கிலோகிராம் என ஒலிம்பிக்கில் ஆறு பிரிவுகள். மெத்தை விரிப்பின்மேல் மும்மூன்று நிமிடமாக இரண்டு சுற்று; இரு தோள்களும் விரிப்பில் அழுந்தினால் அத்துடன் முடிவு. 2016இல் ரியோ நகரிற் சாக்ஷி மாலிக் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் மல்லர் ஆனார். 2024இற் பாரிஸ் நகரில் வினேஷ் போகாட், சர்வதேசப் போட்டிகளில் அதுவரை தோல்வியே கண்டிராத யப்பானிய வீராங்கனை யுய் சுசாகியை வென்று, அன்றே இன்னும் இருவரையும் வென்று, இறுதிப் போட்டி வரை சென்றார். மறுநாட் காலை நிறை பார்த்தபோது 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் கூடுதலாக இருந்தமையால் நீக்கப்பட்டார். 100 கிராம் என்பது ஒரு பிடி வெங்காயம். எமது சந்தையிற் கொசுறாகவே போட்டுவிடுவர்.

இவ்விருவரும் 2023இல் டில்லி ஜந்தர் மந்தர் வீதியில் ஏனைய வீரரோடு அமர்ந்து, இந்திய மல்யுத்த சம்மேளனத்தின் தலைவர் வீராங்கனைகளுக்குப் பாலியற் தொல்லை கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டிப் போராடியவர்கள் என்பதையும் மறைக்காமற் சொன்னோம். அவ்வாண்டு டிசம்பரிற் சாக்ஷி மாலிக் தம் சப்பாத்துகளை மேசைமேல் வைத்துவிட்டு விளையாட்டை விட்டு விலகினார். இதைக் கேட்டதும் மகள் சமையலறை வாசலிலிருந்து, "பாத்தீங்களே அம்மா, இதுக்குத்தானே பயப்பிடுறன்" என்றாள். அவள் பயத்திலும் உண்மை உண்டு. அந்தப் பயத்துக்கு மருந்து பிள்ளையைக் கதவுக்குள் அடைப்பதா, அவள் பழகும் இடத்துக்குத் தாயும் போய் அமர்வதா என்று கேட்டோம். பழக்குவது யார், உடன் இருக்கும் பெண் யார், வெளியூர் போட்டிக்குப் போனால் எங்கே தங்குவர், முறைப்பாடு இருந்தால் யாரிடம் சொல்வது என்ற நான்கு கேள்விகளையும் முதல் நாளே நேரிற் கேட்கும் பெற்றோரைக் கண்டால் தீயோர் சற்று விலகியே நிற்பர்.

எமது நாட்டிலும் இத்துறை பெண்களுக்குத் திறந்தே இருக்கிறது. 2022இற் பேர்மிங்ஹாமில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் நெத்மி பொருதொட்டகே 57 கிலோ பிரிவில் இலங்கைக்கு வெண்கலம் கொண்டுவந்தார். இன்னும் அண்மையிற் பார்ப்பதானால், சுன்னாகத்திலிருந்து சைக்கிளிற் போகும் தூரத்திலுள்ள ஈவினையிற் பிறந்தவர்தானே தர்ஜினி சிவலிங்கம்? ஏறக்குறைய 208 சென்றிமீற்றர் உயரம். யாழ்ப்பாணத்து வீதியில் அப்படியோர் உயரத்துடன் ஒரு பெண் நடந்தால் எத்தனை கண்கள் திரும்பும் என்பதை நாம் அறிவோம். அவ்வுயரத்தையே வலைப்பந்தாட்டத்திற் பெருஞ்செல்வமாக்கி, 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிக்கு அவர் தூணாக நின்றார். அவுஸ்திரேலியாவிலும் அழைத்து ஆடவைத்தனர். திரும்பிய கண்கள் பின்னர் அண்ணாந்து பார்த்தன.

உடுவிலில் 1824இற் பெண்களுக்குப் பாடசாலை தொடங்கியபோதும், மருதனார்மடத்தில் 1913இல் இராமநாதன் துரை பெண்கள் கல்லூரியை நிறுவியபோதும் மறுப்புக் கூறினோர் இருந்தனர். 'ஆர் முடிப்பினம்' என்ற கேள்வி அன்றும் இருந்திருக்கும். பின்னர் அந்தப் படிப்பே சம்பந்தம் பேசும்போது முதலிற் சொல்லும் சிறப்பாயிற்று. உலகத்தின் வாய் அவ்வளவுதான்.

வாதம் மூன்று நாள் நீடித்தது. முடிவில், படிப்புக் குறையக் கூடாது, வைத்தியரிடம் உடம்பைக் காட்ட வேண்டும், பயிற்சிக்குத் தாயும் உடன் போக வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளுடன் மகள் இசைந்தாள். கனடா மாமிக்கு மருமகனே தொலைபேசியில் விடை சொன்னார். "முடிக்கிறவன் முடிப்பான் அக்கா, வேண்டாமெண்டுறவன் எங்களுக்கும் வேண்டாம்" என்று அவர் சொன்னதை எமது காதாற் கேட்டோம். மூன்று நாளாகப் பத்திரிகைக்குப் பின்னால் இருந்தவர் அவர்.

முதற் போட்டியிற் பேர்த்தி தோற்றாள். இடக் காது வீங்கி, முழங்கையிற் சிராய்ப்போடு வந்தாள். மகள் ஒன்றும் பேசாமல் ஒத்தடம் கொடுத்தாள். சற்று நேரங் கழித்து, "அந்தப் பிள்ளை உன்ரை வலக்காலைப் பிடிக்கேக்க நீ ஏன் பின்னுக்குப் போகேல்லை?" என்று கேட்டாள். பயிற்சி மண்டபத்தின் ஓரத்தில் அமர்ந்து பார்த்துப் பார்த்து அவளுக்கும் வித்தை விளங்கத் தொடங்கியிருந்தது.

ஹமீதா பானு அம்மையாருக்குத் தோள் இருந்தது, துணிவு இருந்தது, புகழும் இருந்தது. ஐரோப்பா போகிறேன் என்று அவர் சொன்ன அன்று, "போய் வா" என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருந்திருந்தால் அவர் வரலாறு வேறு விதமாய் எழுதப்பட்டிருக்கும். அந்த ஒருவராக இருப்பதற்குப் பயில்வானாக வேண்டியதில்லை. தாயாகவோ தந்தையாகவோ பேத்தியாராகவோ இருந்தாற் போதும். பெண்பிள்ளைகளைப் பெற்ற எமது சகோதர சகோதரிகள் இதைச் சற்றே சிந்திப்பார்களாக.